கட்டுதலும் சுருக்குதலும்



வீட்டுக் கணினிகள் பரவத் தொடங்கிய 1980ஆம் ஆண்டுகளில், அவற்றை வைத்திருந்தோருக்கு இடமும் நேரமும் பெருங்குறையாக இருந்தன. ஐ.பி.எம். கணினியில் வழங்கிய நெகிழ்வட்டு ஒன்று 360 கிலோபைற் மட்டுமே கொள்ளும். தொலைபேசிக் கம்பிவழி கோப்புகளை அனுப்பும் மோடம் என்னுங் கருவியோ செக்கனுக்கு ஏறத்தாழ 120 எழுத்துகளையே கடத்தும். ஒரு வட்டு நிறைந்த கோப்புகளை அனுப்பி முடிக்க 50 நிமிடம் வேண்டும். அத்தனை நிமிடத்துக்கும் தொலைபேசிக் கட்டணம் ஏறும். பொருளைப் பாதியாகச் சுருக்கினால் செலவும் பாதியாகும். சுருக்கும் நிரல்களுக்கு அன்றிருந்த மதிப்பு இதனாலேயே.

சுருக்குவது எங்ஙனம்? நொத்தாரிசு எழுதும் காணி உறுதியை நினைத்துப் பாருங்கள். காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள் யாவற்றையும் ஒருமுறை எழுதிவிட்டு, அப்பால் வருமிடமெல்லாம் ‘மேற்படி காணி’ என்று முடித்துவிடுவார். லெம்பெல், ஸிவ் என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் 1977இல் வெளியிட்ட முறையும் ஏறக்குறைய இதுவே. மற்றொரு முறை தந்திக்காரருக்குப் பழக்கமானது. மோர்ஸ் குறியீட்டில், ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ‘ஈ’ என்னும் எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளிதான். அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி என்னும் இக்கருத்தைக் கணக்கு முறையாக 1952இல் வகுத்தவர் டேவிட் ஹஃப்மன்.

சி.பி.எம். என்னும் இயக்கமுறை வழங்கிய பழைய கணினிகளில் ‘ஸ்குவீஸ்’ நிரல் ஹஃப்மன் வழியிற் சுருக்கியது. ஆனால் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுவதற்கு வேறொரு நிரல் தேவைப்பட்டது. இரண்டு வேலைகளையும் ஒரே கட்டளையில் முடித்தது, தொம் ஹெண்டர்சன் 1985இல் ஐ.பி.எம். கணினிக்கு எழுதிய ‘ஆர்க்’. கோப்புக்குக் கோப்பு எம்முறை நன்றாகச் சுருக்கும் என்று பார்த்துத் தானே தெரிவு செய்யவும் அது வல்லது. குறை, வேகம் போதாமையே.

அக்குறையை மில்வோக்கி நகரத்து இளைஞர் பில் காட்ஸ் தீர்த்தார். அவருடைய ‘பி.கே.ஆர்க்’ அதே பொதிகளைப் பன்மடங்கு விரைவாகக் கட்டியது. ஹெண்டர்சனின் நிறுவனம் 1988இல் வழக்குத் தொடுத்தது. இரு நிரல்களையும் ஒப்புநோக்கிய நிபுணர், மூலத்திலிருந்த குறிப்புரைகளும் அவற்றின் எழுத்துப் பிழைகளுங்கூட நகலில் அவ்வாறே இருந்தனவென்று கண்டார். காட்ஸ் பணம் கொடுத்து இணங்கினார். பயன்படுத்துவோரிற் பலர், பெரிய நிறுவனம் எளியவரை நசுக்கியதாகக் கொதித்து ‘ஆர்க்’கையே கைவிட்டனர். ஹெண்டர்சனின் நிறுவனமும் சிறியதே. நியாயம் அவர் பக்கமே இருந்தது என்பது என் கருத்து.

1989இல் காட்ஸ் ‘பி.கே.ஸிப்’ என்னும் புதிய நிரலைக் கொணர்ந்தார். பொதியின் அமைப்பை எவரும் தடையின்றிக் கையாளலாமென்று அறிவித்து, அதன் விவரத்தையும் வெளியிட்டார். ஜப்பானிய மருத்துவர் ஹருயாசு யோஷிசாக்கி 1988இல் எழுதிய ‘எல்.எச்.ஆர்க்’ இதற்குச் சளைத்ததன்று. இறுகச் சுருக்கும், ஆயினும் மெல்ல நடக்கும். ஜப்பானிலும் அமீகா கணினியிலும் அதன் வழிவந்தனவே கோலோச்சின. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கூடுதலாகச் சுருங்குவது வட்டு நிறைந்தவருக்குப் பெரிதே. என்றாலும் பொதியைப் பெற்றவர் அதைத் திறக்க இயலாவிடின் அச்சுருக்கத்தால் யாது பயன்? ‘ஸிப்’ பொதியைத் திறக்கும் நிரலைப் பிறரும் வெவ்வேறு கணினிகளுக்கு எழுத முடிந்தது. அது நிலைத்தமைக்கு அதுவே தலையாய காரணம் எனலாம்.

1993இல் ‘பி.கே.ஸிப்’பின் இரண்டாம் பதிப்பு, நொத்தாரிசின் வழியையும் தந்திக்காரரின் வழியையும் இணைத்த ‘டிஃப்ளேட்’ என்னும் முறையைத் தந்தது. பி.என்.ஜி. என்னும் பட வகை அம்முறையிலேயே சுருக்கப்படுகிறது. மின்னூல்களிற் பலவும், இன்று அலுவலகங்களில் எழுதப்படும் கடிதக் கோப்புகளிற் பெரும்பாலனவும் உள்ளே ‘ஸிப்’ பொதிகளே.

பில் காட்ஸ் 2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், 37ஆம் வயதில், மில்வோக்கியில் ஒரு விடுதி அறையிலே தனியாக இறந்து கிடந்தார். ‘ஸிப்’ பொதியொன்றைப் பிரித்து அதன் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்தால், அவை ‘பி’, ‘கே’ என்றிருக்கும். அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.