பதின்மூன்று வயதில் ஒரு சங்கம்

(ஸ்ரீபெரும்புதூர் வட்டார இளைஞர்கள், வணிகர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

"பையன் பள்ளிக்கூடத்தில் லீடராக நிற்கப் போகிறேன் என்கிறான். படிப்பு கெட்டுவிடாதா?" என்று நம் பெற்றோர் பலர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலைக்கு நம் சமுதாய வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் 1896 ஜூன் 5ஆம் நாள் நெல்லை பேட்டையில் பிறந்தார்கள். 1909இல், பள்ளி மாணவராக இருந்தபோதே, அவ்வூரில் 'யங் முஸ்லிம் சொசைட்டி' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது அவர்களுக்கு வயது பதின்மூன்றுதான்!

அதனால் படிப்பு கெட்டதா? இல்லை. கல்லூரி வரை சென்று படித்தார்கள். 1920இல் பட்டத் தேர்வைத் துறந்தது ஒத்துழையாமை இயக்கத்துக்காக, நாட்டுக்காக! பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். 1946 முதல் 1952 வரை சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்கள். 1949 செப்டம்பரில், அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது எழுந்து நின்று தமிழுக்காக வாதாடினார்கள். பெரிய சபையில் துணிந்து பேசிய அந்த நாவு, சொந்த ஊரின் சிறிய சபையில் பழகிய நாவு.

சகோதரர்களே! சிறுவர்களின் சங்கமானாலும் வகுப்புத் தலைவர் பதவியானாலும் அது கற்றுத் தருவது என்ன? குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், தன் தாகத்துக்காக மட்டுமல்ல, எல்லோருடைய தாகத்துக்காகவும் தலைமை ஆசிரியர் அறைக்குப் போக வேண்டும். கோபப்படாமலும் குழையாமலும் பேச வேண்டும். விளையாட்டு விழாவுக்கு வசூலித்த காசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். தனக்கு ஓட்டுப் போடாதவனுக்கும் சேர்த்தே உழைக்க வேண்டும். ஆண்டு முடிந்ததும் முகம் சுளிக்காமல் அடுத்தவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். இவை எந்தப் பாடப் புத்தகத்திலும் மனப்பாடம் செய்து வருவதில்லை.

வணிகப் பெருமக்களே! மகனுக்கு வியாபாரம் எப்படிக் கற்றுக் கொடுக்கிறீர்கள்? கல்லாவில் உட்கார வைத்துத்தானே! பத்து ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை, பழகட்டும் என்று விடுகிறீர்கள் அல்லவா? தலைமையும் அப்படித்தான். அது ஓர் அமானிதம். சிறியதைக் காக்கப் பழகாதவன் கையில் பெரியதை எப்படி ஒப்படைப்பது?

நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நாட்களில், மூத்த தோழர்கள் இருந்த படைக்கு உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். அவர் இருபது வயதைத் தொடாத இளைஞர். சிலர் முணுமுணுத்தபோதும் நபியவர்கள் தம் முடிவை மாற்றவில்லை. நம் ஜமாஅத் நிர்வாகிகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இப்போது நம்மைச் சுற்றிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள். பிளஸ் டூ முடித்த பிள்ளையும் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளையும் நேரே அந்த வாசலுக்குத்தான் போகிறார்கள். 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. 2024 செப்டம்பரில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அத்தகைய நாளில் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துவதற்குப் பலர் இருப்பார்கள். குறைகளை வரிசையாக எழுத, வதந்தியை அடக்க, மேஜைக்கு எதிரே அமர்ந்து பேச, பேசி முடித்ததைத் திரும்பி வந்து தோழர்களிடம் மறைக்காமல் சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தப் பயிற்சியை எந்தத் தொழிற்சாலையும் தருவதில்லை. பதினான்கு வயதில் பள்ளியில் பழகியவனுக்கே அது கைகொடுக்கும். அங்கே பக்கத்தில் நிற்கும் தோழன் முனுசாமியாகவும் இருப்பான், ஜோசப்பாகவும் இருப்பான். எல்லோருக்காகவும் பேசுபவனே தலைவன். நம்மவருக்கு மட்டும் பேசுபவன் தலைவனாக முடியாது.

அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்ற திட்டம் 2024இல் வந்திருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாகப் பிரித்து மாணவர் தலைவர்களை அமர்த்துகிறார்கள். வாய்ப்பு வாசலுக்கே வந்திருக்கும்போது நம் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் ஒதுங்கி இருக்கலாமா?

ஆகவே பெற்றோர்களே, மகன் நிற்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். மகள் நிற்கிறேன் என்றாலும் தடுக்காதீர்கள்; நாளை விடுதியில் கெட்டுப்போன சோற்றைக் கேள்வி கேட்க வேண்டியவள் அவள்தான். வணிகர்களே, பள்ளிக் கூட்டமுள்ள மாலையில் பையனைக் கடைக்கு அழைக்காதீர்கள். ஜமாஅத் பெரியோர்களே, ஃபித்ரா வசூல் கணக்கை ஓர் இளைஞனிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். தவறினால் திருத்துங்கள், விரட்டாதீர்கள்.

இளைஞர்களே! தோற்றாலும் நில்லுங்கள். வென்றவனுக்கு முதலில் கை கொடுப்பவன் நீங்களாக இருங்கள். பதவி முடிந்த நாளில் உங்கள் கணக்கு நோட்டு சுத்தமாக இருக்கட்டும்.

பொறுப்பைச் சுமக்கும் தோள்களையும் உண்மை பேசும் நாவையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.