கடைசிப் பெட்டி எங்கே, தம்பி?

(நமது குடியிருப்பு வளாக அரங்கில் நடந்த ‘என் பொழுதுபோக்கு’ மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு வேண்டுகோள். மேசைமேல் ஓடுவதைத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் பேச்சு முடிந்த பிறகு. இதில் ஒரு வேகனின் நீளம் 34 மில்லிமீட்டர்தான். கீழே விழுந்தால் தேடி எடுக்க என் கண்ணுக்குத் தெம்பு இல்லை. போன வருடம்தான் கண்புரை அறுவை செய்துகொண்டேன்.

என் வீட்டுக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: “நம்ம ஊர் ரயிலை விட்டுட்டு ஏன் சார் இங்கிலாந்து கூட்ஸ் வண்டி?” காரணம் எளிது. 2010ஐ ஒட்டி நாட்டிங்ஹாமில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த ஊருக்குத் தெற்கே ராட்க்ளிஃப் அனல்மின் நிலையம். எட்டுக் குளிரூட்டும் கோபுரங்கள், 199 மீட்டர் உயரப் புகைபோக்கி. ஊருக்குப் புதிது, பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அருகிலுள்ள ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்து, நிலக்கரி வண்டிகள் வந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பயணிகள் ரயிலில் ஏறினால்தான் சுகம். கூட்ஸ் வண்டியை வெளியிலிருந்து பார்ப்பதே சுகம். இது என் அபிப்பிராயம்.

இந்தியா திரும்பியபோது பெட்டியில் ஒரு சிறிய எஞ்சினைக் கொண்டுவந்தேன். கிளாஸ் 66 டீசல். நிஜ எஞ்சின் கனடாவில் செய்யப்பட்டு 1998இல் பிரிட்டனுக்கு வரத் தொடங்கியது. 21 மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய 130 டன் எடை. என் கையில் இருப்பது பதினான்கரை சென்டிமீட்டர். இந்த அளவுக்கு ‘என் கேஜ்’ என்று பெயர். நிஜத்தில் 148 மில்லிமீட்டர் இருப்பது இங்கே 1 மில்லிமீட்டர்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. தண்டவாளத்தின் இடைவெளி 9 மில்லிமீட்டர். அதை 148ஆல் பெருக்கினால் 1,332 மில்லிமீட்டர் வரும். ஆனால் பிரிட்டனின் உண்மையான தண்டவாள இடைவெளி 1,435. அதாவது என் ரயில் போகவேண்டிய பாதையைவிடப் பத்து சென்டிமீட்டர் குறுகலான பாதையில் போகிறது. மற்ற ஐரோப்பிய நாடுகளில் இதே 9 மில்லிமீட்டர் பாதைக்கு 1:160 அளவில் செய்கிறார்கள், கணக்குச் சரியாக வரும். பிரிட்டனின் வண்டிகள் உயரமும் அகலமும் குறைந்தவை. 1:160இல் செய்தால் அந்தக் காலத்து மோட்டார் உடம்புக்குள் அடங்கவில்லை. அதனால் வண்டியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள், பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். இதைப் பொறுக்காதவர்கள் பாதையை 9.42 மில்லிமீட்டராக வைத்து, சக்கரம் முதல் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்கிறார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அந்தப் பொய்யோடு குடித்தனம் நடத்துகிறேன்.

சிறிய அளவில் வேலை செய்வது என்றாலே எதை விடுவது, எதை வைப்பது என்று தினம் ஒரு முடிவு எடுப்பதுதான். வேகன் பக்கவாட்டில் இருக்கும் எண் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. ஒட்டத்தான் வேண்டுமா? ஒட்டுகிறேன். உள்ளே துரு பிடித்திருக்க வேண்டுமா? மேலே கரி நிரப்பினால் தெரியாது, காலி வண்டி என்றால் தெரியும். அதனால் பாதிப் பெட்டிகளுக்குத் துரு அடித்தேன்.

நான் முதலில் சேர்த்தது 16 டன் நிலக்கரி வேகன்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் லட்சக்கணக்கில் ஓடிய இரும்புப் பெட்டி. நான்கே சக்கரம். சாம்பல் நிறம். பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. அது அலங்காரம் அல்ல. எந்தப் பக்கத்து முனைக்கதவு திறக்கும் என்பதற்கான அடையாளம். துறைமுகத்தில் பெட்டியையே தூக்கிச் சாய்த்துக் கரியைக் கொட்டுகிறவன் தப்பான முனையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கரி எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். நம் கேட் அருகே இஸ்திரி போடும் அண்ணன் கொடுத்த அடுப்புக்கரிதான். நுணுக்கி, டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊற்றினால் இறுகிவிடும். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நின்றுவிடும். கரிக்கு அடியில் ஒரு சிறிய ஈயத்துண்டு வையுங்கள். எடை இல்லாத வேகன் வளைவில் தடம் புரளும்.

இப்படிப் பதினெட்டு வேகன்களைச் சேர்த்து, முன்னால் என் கிளாஸ் 66ஐப் பூட்டி, பெருமையோடு ஓடவிட்டேன். அப்போதுதான் சி பிளாக் மூன்றாம் மாடியில் இருக்கும் கார்டு சார் வந்தார். நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி இரண்டு சுற்றுச் சுற்றும்வரை பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்:

“எல்லாம் சரி தம்பி. கடைசிப் பெட்டி எங்கே?”

எனக்குப் புரியவில்லை. “அதுதான் சார், பதினெட்டாவது” என்றேன்.

“அது கரிப் பெட்டி. கார்டு எங்கே உட்காருவான்?”

“பொம்மை ரயில்தானே சார்” என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். ஆனால் காப்பியைக் குடித்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார். வழக்கமாக ஒரு மணி நேரம் இருப்பவர். அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. மறுநாளிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

படித்ததைச் சொல்கிறேன். அந்த 16 டன் வேகன்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சினிலிருந்து இயங்கும் பிரேக்கே கிடையாது. பக்கவாட்டில் ஒரு நீளமான கைப்பிடி மட்டும். பெட்டிகளுக்கிடையே மூன்று வளையச் சங்கிலி. ஓடும்போது நிறுத்த முடிந்தது இரண்டு இடத்தில்தான்: முன்னால் எஞ்சின், பின்னால் கார்டின் பிரேக் வேன். பெரிய இறக்கம் வந்தால் வண்டியை மேட்டிலேயே நிறுத்தி, இறங்கி, பல வேகன்களின் கைப்பிடிகளைக் கம்பால் அழுத்திப் பூட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். கீழே வந்ததும் மறுபடி நிறுத்தி விடுவிக்க வேண்டும்.

சங்கிலி தளர்ந்து இறுகும்போது வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அதனால் கார்டு பாதையின் மேடு பள்ளத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து பிரேக் சக்கரத்தைத் திருகித் திருகிச் சங்கிலிகளை விறைப்பாக வைத்திருப்பார். ஏற்றத்தில் அறுந்தால், பின்னோக்கி உருளும் வேகன்களைப் பிடித்து நிறுத்த அந்த 20 டன் வேனும் அவருடைய கையும்தான். வேனின் பின்னால் ஒரு விளக்கு. வண்டி கடந்து போகும்போது சிக்னல்காரர் அந்த விளக்கைப் பார்ப்பார். அது இருந்தால் வண்டி முழுதாக வந்துவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் பாதி வண்டி எங்கேயோ பாதையில் நிற்கிறது.

அப்படியானால் நான் ஓடவிட்டது என்ன? முதல் இறக்கத்திலேயே ஓடிப்போயிருக்கும் ஒரு வண்டி. இன்னொரு தவறும் இருந்தது. அந்த வேகன்கள் 1980களிலேயே ஓய்ந்துவிட்டன. கிளாஸ் 66 வந்தது 1998இல். தாத்தாவின் மாட்டு வண்டியில் பேரனின் டிராக்டரைப் பூட்டியிருக்கிறேன்!

தண்டவாளப் பொய்யைப் பொறுத்துக்கொண்டேனே, இதை ஏன் பொறுக்க முடியவில்லை? யோசித்துப் பார்த்தேன். பத்து சென்டிமீட்டர் குறைந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கடைசிப் பெட்டியை விட்டபோது, ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை விட்டுவிட்டேன். அதையும் அந்த மனிதன் எதிரிலேயே விட்டுவிட்டு, பொம்மைதானே என்றேன்.

எஞ்சினை மாற்றினேன். இப்போது முன்னால் நிற்பது 9எஃப் நீராவி எஞ்சின். பத்து இயக்கு சக்கரங்கள். 1954 முதல் 1960 வரை 251 செய்தார்கள். கடைசியாக வந்த ‘ஈவினிங் ஸ்டார்’தான் பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி எஞ்சின். பின்னால் பிரேக் வேன், ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. முனையில் சிவப்புப் புள்ளி வைத்தேன், அதுதான் விளக்கு. வராந்தாவில் ஓர் ஆள் நிற்கிறார், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயரம்.

இதைக் காட்ட கார்டு சாரை அழைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். ஒரு மழை இரவில் நடுக்காட்டில் கப்ளிங் அறுந்து, பாதி வண்டியோடு தனியாக நின்றதைச் சொன்னார். பிரேக் தானாகப் பிடித்து நின்றுவிட்டதாம். ஆனாலும் கை பிரேக்கைத் திருகிவிட்டு, கை விளக்கோடு இருட்டில் பின்னோக்கி நடந்து, வரப்போகும் வண்டிக்காகத் தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடி வைத்துவிட்டுக் காத்திருந்தாராம். “இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, பயந்துவிடுவார்கள்” என்றார். அவர் அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன்.

ராட்க்ளிஃபுக்கு வருகிறேன். 1960களின் நடுவிலிருந்து பிரிட்டனில் நிலக்கரி வண்டிகள் மாறிவிட்டன. 32 டன் கொள்ளும் ஹாப்பர் வேகன்கள், எல்லாவற்றிலும் பிரேக். மின்நிலையத்தில் வண்டி நிற்காமல் ஆமை வேகத்தில் நகர, அடிக்கதவு தானாகத் திறந்து கரி கொட்டும். பிரேக் வேன் தேவைப்படவில்லை. பிறகு எழுபது டன்னுக்கு மேல் ஏற்றும் பெரிய வேகன்கள் வந்தன. நான் பார்த்தவை அவை. 2024 ஜூனில் கடைசி நிலக்கரி ரயில் அங்கே போனது. செப்டம்பர் 30 அன்று நிலையமே மூடப்பட்டது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் அது. புகை குறைந்தது நல்லதுதான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் வண்டி இனி என் அலமாரியில் மட்டும்தான் ஓடும். அதனால் அதைச் சரியாகச் செய்யவேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, இடம் இல்லை என்பவர்களுக்கு. பெரிய மேசை வேண்டாம். மூன்றடி நீளம், முக்கால் அடி அகலப் பலகை போதும். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய ‘இங்கிள்நுக்’ என்னும் ஷண்டிங் விளையாட்டு இருக்கிறது. மூன்று சைடிங்குகள். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி எடுத்த வரிசையில் ஐந்து வேகன்களைக் கோத்து வண்டி தயார் செய்ய வேண்டும். சாத்தியமான வரிசைகள் 6,720. கணக்கு வாத்தியார்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு சின்ன ஷண்டிங் எஞ்சினும் இரண்டு பாயின்ட்டும் இருந்தால் மழைக்கால விடுமுறை முழுக்க ஓடும்.

அப்படி ஒரு பலகையைச் செய்து முடித்துவிட்டேன். சங்கம் அனுமதித்தால், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மாலை இந்த அரங்கிலேயே வைக்கிறேன். குழந்தைகள் எஞ்சினை ஓட்டட்டும். சீட்டுக் குலுக்கி, பச்சைக்கொடி காட்டி, வண்டி முழுதாக வந்ததா என்று பார்க்கும் பொறுப்பைக் கார்டு சார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இப்போது தொட்டுப் பார்க்கலாம்.