மருந்தும் பிள்ளைகளும்

(வளையமாதேவிக் கூட்டத்தில் பேசியது)



பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மருந்தை உபயோகிக்கும் முறையைக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம். இது வைத்தியர் பாடு, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். வைத்தியர் சீட்டு எழுதுகிறார், அவ்வளவுதான். அதை அளந்து ஊற்றுவதும் விழுங்குவதும் நம் வீட்டுக் காரியமேயாகும்.

முதலாவது, மருந்து என்னும் வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. நெல்லுக்கு அடிப்பதும் மருந்து. வாணத்தில் திணிப்பதும் மருந்து. சோற்றில் வைத்து ஆளை மயக்கிவிட்டார்கள் என்று கட்டிவிடும் பொய்யும் மருந்து! இப்படியிருக்க, அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி, இருமல் மருந்து இருக்கும் மாடத்திலேயே வைத்தால் ஐந்து வயதுப் பிள்ளை எதைக் கண்டு வித்தியாசம் தெரிந்துகொள்ளும்? பூச்சிமருந்து டப்பாவில் முக்கோணக் குறி உண்டு. சிவப்பென்றால் மிகக் கொடிய விஷம்; மஞ்சள், நீலம், பச்சை எனப் படிப்படியாகக் கடுமை குறையும். எழுத்தறியாப் பிள்ளைக்கும் நிறம் தெரியுமே! பாட்டிலை மாற்றினால் அந்தக் குறியும் போய்விடுகிறது. தப்பித்தவறிக் குடித்துவிட்டால், வாந்தியெடுக்க வைக்காமல், அந்த டப்பாவோடு 108 வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்தில் குடற்புழு மாத்திரையும், வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். நல்ல காரியமே. ஆனால் "வாயைத் திற, விழுங்கு" என்பதோடு நின்றால் அது பாடமாகாது. குடற்புழு மாத்திரையை மென்று தின்ன வேண்டும். காய்ச்சலாயிருக்கும் பிள்ளைக்கு அன்று கூடாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு. அதனால் மலம் கறுப்பது ஆபத்தல்ல. காரணம் சொல்லாவிட்டால், கறுத்ததைக் கண்ட தாய் மாத்திரையைக் குப்பையில் எறிவாள். சொன்னாலோ, பிள்ளையே தாய்க்கு எடுத்துச் சொல்லும். அதே மாத்திரையை வீட்டிலுள்ள சிறு குழந்தை அள்ளித் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இருமல் மருந்து. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. அவை குடித்த மருந்து நம் காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரானது. சோதித்ததில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவிகிதம் இருந்தது. இதே விஷம் 1937-இல் அமெரிக்காவில் 100-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றிருக்கிறது. இதைத் தாயோ பிள்ளையோ சீட்டைப் படித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. தயாரித்தவனும் சோதிக்க வேண்டிய சர்க்காருமே பொறுப்பாளிகள். ஆனால் "இந்த மருந்து அவசியந்தானா?" என்று கேட்க நமக்குத் தெரியலாமே! இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல் மருந்து கூடாது, ஐந்து வயது வரை பொதுவாக வேண்டியதில்லை என்று மத்திய சர்க்காரே 2025 அக்டோபரில் அறிவித்தது. பெரும்பாலான இருமல் தானாகவே போய்விடும்.

ஆகவே பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: இது எதற்கு? யாருக்கு எழுதியது? எவ்வளவு, எத்தனை நாள்? காலாவதி எப்போது?

அளவென்றால் மருந்தோடு வரும் மூடியால் அளக்க வேண்டும். கரண்டி வீட்டுக்கு வீடு வேறு. பேதிக்கான உப்புச் சர்க்கரைப் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. டம்ளரில் கரைத்தால் நன்மைக்குப் பதில் தீமை. பாரசிட்டமால் பல பெயர்களில் விற்கிறது. பெயர் வேறென்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஈரல் கெடும். அட்டையில் சிவப்புக் கோடிருந்தால் வைத்தியர் சீட்டின்றி வாங்கக் கூடாது. கிருமிக்கொல்லி மருந்து ஜலதோஷத்துக்கு உதவாது. குறைந்த அளவில் உபயோகித்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று, பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங்கே 1945-இல் எச்சரித்தார்.

பிள்ளைகள் கேள்வி கேட்டால் மரியாதை கெட்டுவிடும் என்பீர்கள். வைத்தியரிடமும் கடைக்காரரிடமும் "எதற்கு ஐயா?" என்று கேட்பதில் என்ன மரியாதைக் குறைவு? கேட்காமல் விழுங்கப் பழகிய பிள்ளை, பெரியவனானதும் எவன் எதைக் கொடுத்தாலும் விழுங்குவான்.

ஆகவே தோழர்களே! உபாத்தியாயர்கள் வாரம் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கட்டும். நீங்கள் இன்றிரவே வீட்டு மாடத்தைப் பிள்ளைகளோடு சோதியுங்கள். பூச்சிமருந்தை அதன் டப்பாவிலேயே பூட்டி வையுங்கள்; காலாவதியானதை ஒதுக்குங்கள். தேதியைப் பிள்ளைகளே படிக்கட்டும் என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.