தெரிந்தவன் வாய் திறக்கட்டும்



தலைமைப் பண்பும் தகவல் தொடர்பும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. நான் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அறிவை நம்பி நடக்கும் ஆபீஸில் ஒரு கோளாறு முதலில் தெரிவது மேலே இருப்பவருக்கு அல்ல, கீழே வேலை பார்க்கும் யாரோ ஒருவருக்கு. அது மேலே போய்ச் சேர்கிறதா, இல்லையா? தலைமையின் தரம் அதில்தான் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

எஸ்.எல்.வி.-3 கதை உங்களுக்குத் தெரியும். 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ராக்கெட் இரண்டாம் நிலையில் கட்டுப்பாட்டை இழந்து கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நின்று பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ரோகிணி வெற்றிகரமாகச் சுற்றுப்பாதைக்குப் போனதும், பத்திரிகையாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பிவைத்தார். இதைப் பெருந்தன்மை என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் ஒரு இன்ஜினியராக எனக்கு வேறொன்று படுகிறது. பழி யார் தலையில் விழுமோ என்று பயம் இருந்தால், கசிவு எங்கே என்று எவன் வாயைத் திறப்பான்? தவான் அந்தப் பயத்தை முதல் நாளே எடுத்துவிட்டார். இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பதினோரு மாதத்தில் அடுத்த ராக்கெட் கிளம்பியது.

எதிர்மாறான கதை அமெரிக்காவில் நடந்தது. 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் மாண்டார்கள். குளிரில் ரப்பர் வளையம் சரியாக மூடாது, ஏவ வேண்டாம் என்று ராக்கெட் தயாரித்த கம்பெனியின் இன்ஜினியர்கள் முந்தின நாள் இரவே டெலிபோனில் மன்றாடினார்கள். அவர்களுடைய மேனேஜர்களே அதை மாற்றிவிட்டார்கள். ஏவலாம் என்று கடைசியில் முடிவெடுத்த பெரியவர்களுக்கு இப்படி ஒரு எதிர்ப்பு இருந்ததே தெரியாது! அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை. அது நடுவழியில் நின்றுபோனது.

நம்ம ஊர் தீபத்தை நினைத்துப் பாருங்கள். மலை 2668 அடி. கொப்பரையில் நெய்யும் திரியும் தயாராக இருக்கும். ஆனாலும் கீழே கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் காட்சி தரும் நேரத்தில்தான் மேலே தீபம் ஏற்றுவார்கள். அதுவரை உச்சியில் இருப்பவர்கள் கீழே பார்த்தபடி நிற்கிறார்கள். நம் ஆபீஸ்களில் உச்சியில் இருப்பவர் கீழே பார்ப்பதெல்லாம் அதட்டுவதற்குத்தான்.

தர நிர்வாகத்தில் டெமிங் சொன்ன 14 அம்சங்களில் எட்டாவது, பயத்தை விரட்டு என்பது. அவர் பெயரிலான ஜப்பானியப் பரிசை 1998-ல் சென்னை பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு வாங்கியது. ஆகவே இது ஜப்பான்காரனுக்குத்தான் சரிவரும், நமக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பயத்தோடு இன்னொரு பூட்டும் உண்டு: இங்கிலீஷ். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் டீமில் செங்கம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. மாதக் கடைசி நாளில் மட்டும் எங்கள் புரோகிராம் வட்டியை இரண்டு தடவை போடுகிறது என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை. டீக்கடையில் என்னிடம் சொன்னான். "ஏன்டா அங்க சொல்லல?" என்றேன். "தப்பு தப்பா இங்கிலீஷ் பேசி அசிங்கப்படணுமாண்ணா?" என்றான். டீம் லீடரிடம் அழைத்துப் போனேன். அவர் மார்க்கரைக் கையில் கொடுத்து, "தமிழ்லயே சொல்லுப்பா, படம் போட்டுக் காட்டு" என்றார். பத்தே நிமிஷம், புரிந்துவிட்டது. இரண்டு நாள் தாமதத்தோடு கம்பெனி தப்பித்தது. இல்லாவிட்டால் பல ஆயிரம் பேர் கணக்கு குளறுபடியாகியிருக்கும். அன்று அந்த மீட்டிங்கில் சரளமாக இங்கிலீஷ் பேசியவர்களுக்கு வட்டி விஷயம் தெரியாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இளைய தம்பி தங்கைகளே, இங்கிலீஷ் கற்றுக்கொள்ளுங்கள், கட்டாயம் வேண்டும். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். எழுதிக் கொடுங்கள், படம் போடுங்கள், பக்கத்து சீட்காரரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

நம் செட்டில் பலர் இப்போது டீம் லீடர், மேனேஜர். திங்கட்கிழமை மீட்டிங்கில் "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே சார்" என்றுதான் பதில் வரும். "எதுல சந்தேகம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்து பாருங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் பேசமாட்டார்கள். மூன்றாவது வாரம் ஒருவர் தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார். அப்போது செல்போனைப் பார்க்காதீர்கள்.