ஓட்டை அடைத்த கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'குளிர்நாட்டு வீடுகளில் எரிசக்திச் சிக்கனம்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வியர்த்துக் கொட்டும் ஊரில் இதைப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை.

நான் இருப்பது கனடாவின் வின்னிபெக் நகரம். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி வரும். வீட்டுக்குள் 20. வித்தியாசம் 50. நம்ம ஊரில் வெளியே 38, ஏ.சி. 24 என்றால் வித்தியாசம் வெறும் 14. சுவர் வழியே போகும் வெப்பம் இந்த வித்தியாசத்துக்கு நேர் விகிதம். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1950-களில் கட்டிய பழைய வீட்டை வாங்கினேன். முதல் குளிர்காலத்து கேஸ் பில்லைப் பார்த்து மிரண்டு, ஒரு வியாபாரி பேச்சைக் கேட்டு ஜன்னல்களை எல்லாம் மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம். பில் லேசாகத்தான் இறங்கியது. பிறகுதான் 'ப்ளோயர் டோர்' சோதனை செய்தேன். வாசற்கதவுச் சட்டத்தில் துணித்திரையோடு பெரிய ஃபேனை மாட்டி, வீட்டுக்குள் அழுத்தத்தை 50 பாஸ்கல் குறைப்பார்கள். நான் பூஜை அலமாரி ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். புது ஜன்னல் பக்கம் புகை ஆடவில்லை. சுவிட்ச் பெட்டி, பரண் மூடி, அடித்தளச் சுவரின் மேல் மரச்சட்டம் உட்காரும் இடம், இங்கெல்லாம் பறந்தது! குளிர்காலத்தில் சூடான காற்று மேலே பரண் வழியாக ஓடும். அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்காற்று நுழையும். வீடே ஒரு புகைபோக்கி.

சனி ஞாயிறுகளில் நானே ஓட்டைகளை அடைத்தேன். பரணில் முழங்கால் உயரத்துக்கு செல்லுலோஸ் பஞ்சு போட்டேன். பில் பளிச்சென்று குறைந்தது. ஆபீஸில் பீற்றிக்கொண்டேன்.

டிசம்பரில் ஓர் இரவு. வெளியே மைனஸ் 28. மனைவி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள், எக்ஸாஸ்ட் ஃபேன் முழு வேகத்தில். திடீரென்று கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தியது. மூன்று வயது மகளைப் போர்வையில் சுருட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். தீயணைப்பு வீரர்கள் வந்து அளந்து பார்த்தார்கள். அடித்தளத்து கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகை, குழாயில் மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். மற்ற வழியை எல்லாம் நான்தான் அடைத்துவிட்டேனே! தாராளமாக மிஞ்சியது புகைக்குழாய் ஒன்றுதான். கன்டின்யுட்டி ஈக்வேஷன், சார். இதே கல்லூரியில் படித்து, பரீட்சையில் சரியாக எழுதி மார்க் வாங்கியவன் நான்.

இதற்கு விடை நான் பிறக்குமுன்பே பக்கத்து மாகாணத்தில் இருந்தது. 1977-ல் ரெஜைனாவில் ஹரால்ட் ஆர் முதலானோர் கட்டிய 'சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ்': தடித்த சுவர், காற்றுப் புகாத பாலிதீன் உறை, ஃபர்னேஸே கிடையாது. ஆனால் அடைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. வெளியேறும் காற்றின் சூட்டை, உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றித்தரும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் வைத்தார்கள். 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கட்டிய முதல் 'பாசிவ் ஹவுஸி'லும் அப்படித்தான்.

நானும் ஒன்று வாங்கி வைத்தேன். வாட்டர் ஹீட்டரையும், எரிக்கக் காற்றை வெளியிலிருந்தே குழாயில் எடுக்கும் மாடலாக மாற்றினேன். அலாரத்தைச் சோதித்துப் பேட்டரி மாற்றும் பொறுப்பு மட்டும் மனைவியிடம். கேட்டுப் பார்த்தேன், என்னிடம் தரமாட்டாளாம்.