வரப்புக்கு அப்பால் ஓர் உறவு

(தஞ்சை மாவட்டத்தில் உழவர் விவாதக் குழு ஒன்று நடத்திய நினைவுக் கூட்டத்தில், குழு உறுப்பினரான உழவர் ஒருவர் ஆற்றிய உரை.)



கடந்த தை மாதம் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உழவரைப் பற்றிப் பேசுமாறு குழுவினர் என்னைப் பணித்தார்கள். ஊரே அவரைப் பெரியப்பா என்றுதான் அழைத்தது. எனக்கு அவர் இரத்த உறவு இல்லை. அவர் வயலுக்கும் எங்கள் வயலுக்கும் இடையே ஒரு வரப்பு உண்டு. உறவு என்று சொல்ல இருந்தது அவ்வளவுதான். ஆயினும் என் தங்கை திருமணத்தில் தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தவர் அவர்.

புகழுரை கேட்டால் அவருக்குக் கூச்சம் வரும். ஆகவே, அவர் செய்தவற்றுள் நாமும் செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் இங்குக் கூறுகிறேன்.

1992 ஆவணியில் என் தந்தையார் காலமானார். அப்போது எனக்கு வயது 19. நிலம் ஆறு மா. குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் வேலை தேடும்படி உறவினர் அனைவரும் கூறினர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பெரியப்பா வந்து திண்ணையில் அமர்ந்தார். "தம்பி, இந்தத் தாளடி ஒன்றை மட்டும் நீயே செய்து பார். விதை நான் தருகிறேன். மாசி அறுவடை முடியட்டும். அப்புறம் அம்மாவோடு பேசி முடிவு செய்துகொள்" என்றார். நிலத்தை விடாதே என்று அவர் சொல்லவில்லை. முடிவெடுக்க எங்களுக்கு ஒரு போகம் அவகாசம் வாங்கித் தந்தார்.

விதை தந்ததோடு அவர் போய்விடவில்லை. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு நல்ல கோழிமுட்டையைப் போட்டார். முட்டையின் மேற்பகுதி பழைய நாலணா அளவுக்கு நீர்மட்டத்தின் மேல் தெரியும்வரை உப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கச் செய்தார். பிறகு முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினோம். மிதந்த பதரையும் அரைமணியையும் அரித்தெடுத்து, அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவினோம். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும் என்பதால் கழுவும்போது கூடவே நின்றார்.

அவர் தரும் விதைக்கடனுக்கு வட்டி கிடையாது. வாங்கிய அளவைத் திருப்பித் தந்தால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்து வைக்க வேண்டும். குறைந்தது எண்பதாவது முளைத்தால்தான் வாங்கிக்கொள்வார். "எண்பதுக்குக் குறைந்தால் அரைத்துச் சாப்பிடு. விதை என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதே" என்பார். கொடுக்கும்போது தாராளமாக இருந்தவர், திரும்ப வாங்கும்போது கண்டிப்பாக இருந்தார். அடுத்து அந்த விதை யார் வயலுக்குப் போகுமோ என்ற கவலையே அதற்குக் காரணம்.

இந்தப் பழக்கம் அவருக்கு இளமையிலேயே வந்தது. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏடிடீ 27 நெல்லை வெளியிட்டது. ஜப்பானின் நோரின் 10 இரகத்தையும் நம் ஜிஇபி 24 இரகத்தையும் ஒட்டுச் சேர்த்துப் பெற்ற குறுவைக்கான நெல் அது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி வழியாகப் பரவியதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. செய்தி வானொலியில் வந்தது. தனக்கு விதை வந்ததோ பக்கத்து வயல்காரர் அளந்து கொடுத்த இரண்டு மரக்கால்தான் என்று பெரியப்பா பலமுறை சொல்லியிருக்கிறார்.

தம் வயலுக்குப் போகும் வழியில் பிறர் பயிரையும் பார்த்துக்கொண்டே போவார். இலையைப் பார்ப்பதோடு நில்லாமல், குனிந்து தூரடியை விலக்கிப் பார்ப்பார். புகையான் கூட்டம் தெரிந்தால், ஊரார் முன் சொல்லாமல் வயல்காரரைத் தனியே அழைத்துச் சொல்வார். தண்ணீரை வடி, யூரியாவை நிறுத்து, அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விடு என்பவை அவர் முதலில் கூறும் யோசனைகள். மருந்து வேண்டுமா என்பதை விரிவாக்க அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்வார்.

2012-இல் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. செப்டம்பரில்தான் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டு சம்பாவுக்கு எங்கள் பகுதியில் அவருடைய குழாய்க் கிணறு ஒன்றுதான் துணை. ஆளுக்கொரு நாற்றங்காலுக்கு அது போதாது. ஏக்கருக்கு 8 சென்ட் என்று கணக்கிட்டு, ஆறு குடும்பங்களின் எட்டு ஏக்கருக்குத் தம் மேட்டு வயலில் 64 சென்ட்டில் ஒரே நாற்றங்கால் விட இடம் கொடுத்தார். நாற்று பறிக்கும் நாளில் தம் வயலைக் கடைசியில் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, இன்று விதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கிறது. யோசனை கைப்பேசியில் கிடைக்கிறது. வரப்பில் வந்து நிற்கும் மனிதர்தாம் குறைந்துவிட்டார். நம் தெருவிலேயே சென்ற ஆண்டு தந்தையை இழந்த 22 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டிலும் குத்தகைப் பேச்சு நடப்பதை நீங்கள் அறிவீர்கள். விடுவதோ வைத்துக்கொள்வதோ அவர் உரிமை. ஆனால் ஒரு போகமாவது தாமே செய்து பார்த்தபின் அவர் முடிவெடுக்கட்டும்.

குழுவின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய நாம் ஒவ்வொருவரும், புதிதாக ஏர் பிடிக்கும் ஒருவருக்கு ஒரு போகம் துணை நிற்போம். விதை தேர்வு, நடவு, பூக்கும் பருவம், அறுவடை ஆகிய நான்கு சமயங்களிலாவது அவர் வயலுக்குப் போவோம்.

பெரியப்பா நட்டுவிட்டுப் போன தாளடியை அவர் மகள் அறுவடை செய்து, நன்கு உலர்த்திய ஆடுதுறை 39 விதையில் மூன்று மூட்டையைக் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறார். நேற்று எண்ணிப் பார்த்தேன். நூற்றுக்கு 91 முளைத்திருக்கிறது. முதல் மூட்டையை அந்த இளைஞருக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. வட்டி இல்லை, எண்பது முளைக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை மட்டும் இருக்கட்டும். அவர் வயலுக்கு நான் போகிறேன். மற்ற இரண்டு மூட்டைக்கும் உரியவர்களை இன்றே நீங்கள் சொல்லுங்கள்.