555 புத்தகமும் விழாத புள்ளிகளும்



இணைய ஏலத்தில் விற்பவரையும் வாங்குபவரையும் எதைக் கொண்டு நம்புவது என்பதே இக்கருத்தரங்கின் பொருள். மலாய்க்காரர் சொல்லும் 'லேலோங்', நாம் சொல்லும் 'ஏலம்' இரண்டும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தவை. மலேசியத் தோட்டங்களில் கூட்டு எனும் ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு இந்தக் கேள்வியும் பழையதுதான். அவசரக்காரர் தள்ளிக் கேட்டுத் தொகையை எடுத்துக்கொள்வார். மிச்ச மாதங்களுக்கும் ஒழுங்காகக் கட்டுவாரா? 1971இல் சட்டம் கூட்டைத் தடை செய்தது. கேள்வியை அது தடை செய்யவில்லை.

தோட்டத்துக் கடையிலும் இதே கேள்விதான். கடைக்காரர் '555' எனும் சிறு கடன் குறிப்பேட்டில் அரிசியும் பருப்பும் எழுதுவார். சம்பள நாளில் கணக்குத் தீரும். அவர் நம்மை எடை போட்டார், அவர் தராசை நாம் எடை போட்டோம். "இன்னாருக்குக் கடன் கொடுக்கலாமா?" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கேட்டால், யாரும் கெட்டதாகச் சொல்லமாட்டார்கள். "கேட்டுப் பாருங்களேன்" என்று இழுப்பார்கள். பதில் அந்த இழுப்பில் இருந்தது.

இனி இணையத்துக்கு வருவோம். 1995இல் பியர் ஒமிட்யார் தொடங்கிய ஏலத்தளம்தான் பின்னர் ஈபே ஆனது. முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் புள்ளி போடும் முறை அங்கே 1996இல் வந்தது. அத்தளத்தின் 1999ஆம் ஆண்டுத் தரவுகளைப் பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் இருவரும் ஆராய்ந்தார்கள். வாங்கியவர்கள் போட்ட புள்ளிகளில் 99 விழுக்காடு பாராட்டு. ஆனால், ஏறத்தாழ பாதி விற்பனைகளில் வாங்கியவர் வாயே திறக்கவில்லை. குறை சொன்னால் எதிராளியும் திருப்பிப் போடுவாரே என்ற அச்சம் பலரைக் கட்டிப்போட்டிருக்கும். 2008இல், வாங்குபவருக்கு விற்பவர் எதிர்ப்புள்ளி போட முடியாது என்று ஈபே விதியை மாற்றியது. வாங்கியவரின் நாக்கு அவிழ்ந்தது. ஏலம் கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் நழுவுபவரைப் புள்ளி போட்டு அடையாளம் காட்டும் வழியோ விற்பவருக்கு அடைபட்டது.

நல்ல பெயருக்கு விலையும் உண்டு. பழைய அஞ்சலட்டைகளை வைத்து நடந்த ஒரு சோதனையில், அனுபவமுள்ள ஒரே விற்பனையாளர் தம் பழகிய பெயரிலும் புதுப் பெயர்களிலும் விற்றுப் பார்த்தார். பழகிய பெயருக்கு ஏறக்குறைய 8 விழுக்காடு கூடுதல் விலை கிடைத்தது. விலை உள்ள பொருளுக்குப் போலியும் வரும், பாராட்டுக்கும் அப்படித்தான்.

பாராட்டை மட்டும் நம்பாமல், நம் நாட்டில் பணம் அனுப்பும் முன், காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணின் மீது புகார் உண்டா என்று தட்டிப் பார்க்கலாம். தட்டிப் பாருங்கள். ஆனால், புகார் இல்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. ஏமாந்தவர் வெட்கப்பட்டுப் புகார் செய்யாமல் இருந்திருக்கலாம். அந்தக் கணக்கு நேற்றுத்தான் திறக்கப்பட்டிருக்கலாம்.

லயத்தில் மௌனத்தை நம்மால் வாசிக்க முடிந்தது. அது யாருடைய மௌனம் என்று தெரியும். இணையத்தில் அது தெரிவதில்லை. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகள் நிறைய உண்டு. விழாத புள்ளிகள் யாருடையவை, ஏன் விழவில்லை என்பதை இன்றைய அமர்வுகள் ஆராயட்டும். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.